வீரர் போனால் துரோகம், அணி அனுப்பினால் வியாபாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ஃபார்முலா 1 வீரர்களின் அணித் தாவல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தனக்குப் பயிற்சி கொடுத்த அல்பீன் அணியை விட்டு மெக்லாரன் அணிக்குப் போன ஆஸ்கர் பியாஸ்ட்ரியை நன்றி மறந்தவர் என்றே உங்கள் நிருபர் முடிவு கட்டிவிட்டார். நான் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா. பந்தயக் காரின் எஞ்சின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்ரிமென்ட் டைப் அடித்தே காலம் கழித்தவன் என்பதால், அந்த விவகாரத்தில் நடந்ததை வேறு மாதிரி பார்க்கிறேன்.

2022 ஆகஸ்ட் 2 அன்று, அடுத்த ஆண்டு பியாஸ்ட்ரி எங்களுக்கு ஓட்டுவார் என்று அல்பீன் அணி அறிவித்தது. அதற்கு முந்தைய நாள்தான் அல்பீனின் வீரர் பெர்னாண்டோ அலோன்சோ ஆஸ்டன் மார்ட்டின் அணிக்குப் போகும் செய்தி வெளியாகியிருந்தது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி ட்விட்டரில் மறுத்தார்: 2023க்கு அல்பீனோடு நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை, அங்கே ஓட்டப்போவதும் இல்லை என்று. அல்பீன் என்ன சொன்னது? பழைய கார்களில் அவருக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயிற்சி கொடுத்தோம், விசுவாசம் வேண்டாமா என்றது.

செலவு செய்தது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தங்களை அங்கீகரிக்கும் வாரியத்தின் முன் விஷயம் போனபோது அல்பீனிடம் இருந்தது 2021 நவம்பரில் எழுதிய நிபந்தனைக் குறிப்பு மட்டுமே. முழு ஒப்பந்தத்தை மாதக்கணக்கில் எழுதி முடிக்கவே இல்லை. மெக்லாரனோ 2022 ஜூலை 4 அன்றே கையெழுத்து வாங்கிவிட்டது. மெக்லாரன் ஒப்பந்தம் மட்டுமே செல்லும் என்று வாரியம் செப்டம்பர் 2 அன்று ஒருமனதாகச் சொன்னது. எங்கள் ஆபீசில் இப்படி ஒரு ஃபைல் மாதக்கணக்கில் தூங்கியிருந்தால், கட்சிக்காரர் எதிராளியையா திட்டியிருப்பார்? எங்களைத்தான்.

அதே மாற்றத்தின் மறுபக்கத்தை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. பியாஸ்ட்ரிக்கு மெக்லாரன் கொடுத்த இருக்கையில் அப்போது இருந்தவர் டேனியல் ரிக்கியார்டோ. 2023 கடைசி வரை அவருக்கு மெக்லாரனோடு செல்லுபடியாகும் ஒப்பந்தம் இருந்தது. கடைசி வரை இருப்பேன் என்று ஜூலையில் அவரே எழுதியும் இருந்தார். ஆகஸ்டில் பணம் கொடுத்து ஓர் ஆண்டு முன்னதாகவே அவரை அனுப்பிவிட்டார்கள். இதற்குப் பெயர் ‘பரஸ்பர சம்மதம்’. ஒப்பந்தமே இல்லாதவர் போனால் துரோகம், ஒப்பந்தம் உள்ளவரை அனுப்பினால் சம்மதம். நல்ல கணக்கு!

இதைவிட மோசமானது கீடோ வான் டெர் கார்டே கதை. 2015க்கு சாபர் அணியோடு அவருக்கு ஒப்பந்தம் இருந்தது. அணியோ பண ஆதரவோடு வந்த மார்கஸ் எரிக்சனையும் பெலிப்பே நாசரையும் எடுத்துக்கொண்டது. அணிக்கு இரண்டே கார், ஆனால் மூன்று வீரர்களோடு ஒப்பந்தம். சுவிட்சர்லாந்து நடுவர் தீர்ப்பு வான் டெர் கார்டேவுக்குச் சாதகமாக வந்தது. ஆண்டின் முதல் பந்தயத்துக்கு முன் மெல்போர்ன் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, மேல்முறையீடும் தள்ளுபடியானது. கார் அவர் உடம்புக்கு ஏற்றதாக இல்லை, ஓட்டினால் ஆபத்து என்றெல்லாம் அணி வாதாடிப் பார்த்தது. வெள்ளிக்கிழமை அவர் எரிக்சனின் உடையை மாட்டிக்கொண்டு போய் நின்றார். சாபர் முதல் பயிற்சியிலேயே கார்களை இறக்கவில்லை. கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு விலகினார். வழக்கில் ஜெயித்த மனிதர் அதற்குப் பிறகு ஒரு ஃபார்முலா 1 பந்தயத்திலும் ஓட்டவில்லை. பியாஸ்ட்ரியைப் பற்றி அரைப்பக்கம் எழுதிய நிருபருக்கு இவர் நினைவுக்கு வரவில்லை போலிருக்கிறது.

நம் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 சீசன் நடுவில் ஹிஸ்பானியா அணி அவர் இடத்தை ரிக்கியார்டோவுக்குக் கொடுத்தது, ரெட் புல் அணியின் ஆதரவோடு. அப்போது யாரும் அணியை நன்றி கெட்டது என்று திட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை. 2013இல் லோட்டஸ் அணி கிமி ரைக்கோனனுக்குச் சம்பளமே தராமல் இழுத்தடித்தது. அதைப் பணமுடை என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

வீரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று வாதாட வரவில்லை. அமெரிக்காவின் இண்டிகார் பந்தய வீரர் அலெக்ஸ் பலோ மெக்லாரனோடு கையெழுத்துப் போட்டுவிட்டு, 2023இல் வரமாட்டேன் என்று சொல்லி, சிப் கனாசி அணியிலேயே இருந்துகொண்டார். அது சந்தேகமில்லாமல் ஒப்பந்த மீறல். மெக்லாரன் லண்டன் நீதிமன்றத்துக்குப் போனதில் தப்பே இல்லை. பலோவைத் திட்டினால் நானும் சேர்ந்துகொள்கிறேன். அவரையும் பியாஸ்ட்ரியையும் ஒரே கட்டுரையில், ஒரே பத்தியில் போட்டு அரைத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த முறை யாராவது அணி மாறும்போது, கையெழுத்துத் தேதி என்ன, ஒப்பந்தம் எதுவரை, நீட்டிக்கும் உரிமை யார் கையில் இருக்கிறது என்ற மூன்றையும் செய்தியின் முதல் பத்தியில் தரும்படி நிருபரிடம் சொல்லுங்கள். அப்புறம் யாரைத் திட்டுவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்
(ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா)