ஏரிக்கரைக் கழிப்பறையின் பூட்டைத் திறந்து விடுங்கள்

எங்கள் ஏரிக்கரைப் பூங்காவைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும், கட்டி முடித்தும் திறக்காமல் பூட்டியே கிடக்கிற ஏரிக்கரைக் கழிப்பறையைப் பற்றித்தான். மனு கொடுத்திருக்கிறோம், குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றிருக்கிறோம், பூங்காவைப் பார்வையிட நீங்கள் வந்தபோது நேரிலும் சொல்லியிருக்கிறோம். அதனால் பழைய கதையை முதலிலிருந்து ஆரம்பிக்கவில்லை. போன வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன், அதற்கு அப்புறமும் எங்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியே பிள்ளைகளைக் கரையேற்றியவர். காலமெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்த உடம்பு, இப்போது சுகர், பிரஷர் இரண்டும். தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சாயங்காலம் எங்களோடு கரைக்கு வருவார். பிரஷருக்கு அவர் போடுகிற மாத்திரைகளில் ஒன்று உடம்பிலிருந்து நீரைப் பிரித்து வெளியேற்றுகிற மாத்திரை, அதைப் போட்டவர்களுக்கு அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். போன வாரம் பாதிக் கரை தாண்டியபோது அவசரம் என்றார். கையைப் பிடித்துக் கழிப்பறை வரைக்கும் கூட்டிக்கொண்டு போனோம். பூட்டியிருக்கும் என்று தெரிந்தும் அந்த நேரத்தில் ஒரு நப்பாசை. பூட்டியிருந்தது. பின்பக்கம் ஒதுங்கலாம் என்றால் வேலிகாத்தான் முள்ளும் உடைந்த பாட்டிலும், முன்பக்கம் பளிச்சென்று விளக்கும் நடந்துகொண்டிருக்கிற ஆண்களும். அந்தக் கதவுக்கு முன்னாலேயே அவர் புடவை நனைந்துவிட்டது. நாங்கள் சுற்றி நின்று மறைத்தோம். என்னுடைய துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு வீடு வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் நடந்தார். மறுநாள் கூப்பிடப் போனால் கால் வலிக்குதும்மா, நீங்க போங்க என்றார். அன்றிலிருந்து அவர் வரவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் அம்மா இருப்பார், அத்தை இருப்பார். அவர்களுக்கு இப்படி நடந்திருந்தால் அந்தப் பூட்டு மறுநாள் காலையில் அங்கே தொங்கியிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் கேட்டுவிட்டேன், ஆனால் கேள்வி நியாயமானதுதான்.

கரைக்கு வருகிற பெண்கள் நிறைய பேர் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை. இது உங்களுக்குத் தெரியுமா? வேலூர் வெயிலில், மே மாதம் 40 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிற ஊரில், சாயங்காலம் ஒரு மணி நேரம் நடப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, இன்ஃபெக்‌ஷன், கல் என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள். ஆரோக்கியத்துக்காகக் கட்டிய நடைபாதை என்று திறப்பு விழாவில் பேசினார்கள். அந்த நடைபாதைக்கு வருவதற்காகவே பெண்கள் உடம்பைக் கெடுத்துக்கொள்கிற நிலைமையை உண்டாக்கி வைத்திருக்கிறோமே, இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கேயாவது போய் நடக்க வேண்டியதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். எங்கே போவது? கடல் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்குச் சுமார் 140 கிலோமீட்டர் போகவேண்டும். பாலாறு நந்தி மலையில் பிறந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போய் வயலூரில் கடலில் சேர்கிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம், ஆனால் அந்தப் பிள்ளைகள் பார்க்கிற ஆறு வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல். அந்த மணலையும் எப்படி அள்ளினார்கள் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம். 2021 நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஊரே குடும்பம் குடும்பமாகப் பாலத்துக்குப் போய்ப் பார்த்தது, தண்ணீருக்கு அவ்வளவு ஏங்கிப் போயிருக்கிற ஜனங்கள் நாங்கள். அதே மழையில் எங்கள் ஏரியும் நிரம்பி வழிந்து கோடி போனது. தெப்பம் விட்டோம், கெடா வெட்டினோம், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள்கூடப் பார்க்க வந்தார்கள். கோட்டைப் பூங்காவில் சாயங்காலம் போய்ப் பாருங்கள், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் கிடக்கிற வங்காளத்து ஜனங்கள் அகழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் கொஞ்ச நேரம் தண்ணீர் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. எங்களுக்கு இந்த ஏரிக்கரைதான் கடற்கரை. ராத்திரி எட்டு மணி வரைக்கும் மொட்டை மாடி அனல் இறங்காத வீடுகளிலிருந்துதான் நாங்கள் இங்கே வருகிறோம்.

சரி, கழிப்பறைக்கு வருகிறேன். கரையில் வண்ண விளக்கு போட்டீர்கள், நன்றி. ஊர் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தினீர்கள், அழகாக இருக்கிறது, நாங்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். கழிப்பறையும் கட்டினீர்கள், டைல்ஸ் ஒட்டினீர்கள், கல்வெட்டு வைத்தீர்கள், அதையும் மறக்கவில்லை. கட்டி முடித்ததை ஏன் திறக்கவில்லை என்பது மட்டும்தான் எங்கள் கேள்வி. கேட்டால் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை என்கிறார்கள், ஏரி ஓரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு. இணைப்பு வந்துவிட்டதாமே என்று இன்னொரு தடவை கேட்டால் சாவி ஒப்பந்ததாரரிடம் இருக்கிறது, பில் பாக்கி என்கிறார்கள். திறந்தால் குடிகாரர்கள் உள்ளே புகுந்து நாசமாக்கிவிடுவார்கள் என்பது இன்னொரு பதில். இதில் உண்மை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வழி ஒரு ஆளைப் போடுவதுதான், பெண்களை வெளியே நிறுத்துவது இல்லை. பஸ் ஸ்டாண்டில் இருக்கிற மாதிரி காசு வாங்குகிற கழிப்பறையாக வைத்தாலும் சரி, கொடுக்கிறோம். காவலுக்கு இருப்பவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள், தினமும் நடக்க வருகிறவர்களிடம் மாதாமாதம் வசூலித்துத் தர எங்கள் தெருப் பெண்கள் தயார்.

படகு விடப் போவதாகவும் கேள்விப்படுகிறோம். வரட்டும், சந்தோஷம், பிள்ளைகள் கொண்டாடுவார்கள். ஆனால் படகுக்கு முன்னால் இந்தப் பூட்டைத் திறந்து விடுங்கள். படகு வந்தால் கூட்டம் இன்னும் கூடும், அதில் பாதிப் பேர் பெண்களும் குழந்தைகளும்தான்.

கோரிக்கை இவ்வளவுதான். கழிப்பறையைக் காலை 5 மணியிலிருந்து ராத்திரி 9 மணி வரை திறந்து வையுங்கள். உள்ளே தண்ணீர், தாழ்ப்பாள், விளக்கு மூன்றும் இருக்கட்டும். முட்டி மடக்க முடியாதவர்களுக்கு ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும். சுத்தம் செய்ய ஒருவரை நியமித்து, அவருக்குக் கையுறையும் ஒழுங்கான சம்பளமும் கொடுங்கள். எந்தத் தேதியில் திறப்பீர்கள் என்று பூங்கா வாசலில் எழுதி ஒட்டினால் போதும், அதைக் கொண்டுபோய்ப் பெரியம்மாவிடம் காட்டி மறுபடியும் நடக்கக் கூப்பிடுவோம். தயவு செய்து சீக்கிரம் செய்யுங்கள்.

இப்படிக்கு,
சாயங்காலம் கரையில் நடக்கிற பெண்கள் சார்பில் ஒருத்தி