திமிங்கிலத்தைக் காதால் எண்ணியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வடதுருவப் பகுதியின் வளங்களை அரசும் உள்ளூர் மக்களும் சேர்ந்து நிர்வகிப்பது பற்றிப் பேசும்போது, அலாஸ்காவின் போஹெட் திமிங்கிலக் கதையை விட்டுவிடக் கூடாது.

1977-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம், அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்களின் பாரம்பரிய போஹெட் வேட்டைக்குத் தடை விதித்தது. அங்கே மிஞ்சியிருக்கும் போஹெட் திமிங்கிலங்கள் இரண்டாயிரத்துக்கு மேல் இராது என்பது அன்றைய விஞ்ஞானிகளின் கணக்கு. பனிவிளிம்பில் நின்று, திறந்த நீரில் கண்ணில் பட்டதை எண்ணிய கணக்கு அது! வேட்டைக்காரர்கள் ஒப்பவில்லை. திமிங்கிலம் பனிக்கு அடியிலும் போகும், மெல்லிய பனியைத் தலையால் முட்டி உடைத்து மூச்சு விடும், கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் கடக்கும் என்றார்கள்.

1980-களில் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் சொன்னதே சரியென்று தெரிந்தது. 2011 கணக்கெடுப்பில் எண்ணிக்கை 16,000-ஐத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் இனம் பெருகியதும் உண்மைதான். ஆனால் தொடக்கக் கணக்கே பிசகு.

தடை வந்த அதே ஆண்டில் வேட்டைக்காரர்கள் தங்களுக்கென ஓர் ஆணையம் அமைத்தார்கள். 1981-இல் அமெரிக்க அரசு அதனுடன் ஒப்பந்தம் போட்டது. தடைக்குப் பதிலாக வந்த, மொத்தம் எத்தனை பிடிக்கலாம் என்ற வரம்பு சர்வதேச ஆணையத்தின் கையில். ஊருக்கு எத்தனை என்று பிரிப்பதும் வேட்டையைக் கண்காணிப்பதும் வேட்டைக்காரர்களின் பொறுப்பு. கூட்டு நிர்வாகம் என்ற பெயரில் ஆலோசனைக் கூட்டம் நடத்தி, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதை நான் இதோடு சேர்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி