விளம்பரத்தைப் போடுகிறீர்கள், உள்ளே இருந்ததையும் போடுங்கள்: அழகுக் குறிப்புப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விக்டோரியா ராணி காலத்து, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரிட்டனின், மருந்து விளம்பரங்களை எடுத்து 'அந்தக் காலத்து அழகு ரகசியம்' என்று வெளியிடுவது உங்களில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் ஓர் இதழ் ஆர்செனிக் வில்லை விளம்பரத்தை, 'தீங்கற்றது' என்ற அதன் பழைய வாசகத்தையும் தமிழாக்கி, எச்சரிக்கையாக ஒரு வரிகூட இல்லாமல் அச்சிட்டிருக்கிறது. ஆர்செனிக் என்பது நாம் பாஷாணம் என்று சொல்லும் அதே சரக்கு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். விளம்பரத்தைப் போட்டால், அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில், மருந்துக்குள் என்ன இருந்தது, அது உடம்பை என்ன செய்தது என்பதையும் போடுங்கள்.

அன்று வாங்கியவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இப்படி விளம்பரம் செய்து விற்ற மருந்துகளுக்கு 'பேட்டன்ட் (காப்புரிமை) மருந்து' என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது. காப்புரிமை கேட்டால் செய்முறையை வெளியிட வேண்டியிருக்கும். அரசு வாங்கியது முத்திரை வரி மட்டும்: ஒரு ஷில்லிங் புட்டிக்கு ஒன்றரைப் பென்னி. புட்டியின் வாயில் ஒட்டிய அந்த வரிச்சீட்டை அரசின் உத்தரவாதம் என்று ஜனங்கள் நம்பினார்கள். நஞ்சு விற்பனையைக் கட்டுப்படுத்திய 1868 மருந்தகச் சட்டமும் பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு அளித்தது. உங்கள் வாசகருக்கு அந்த நிலை வரத் தேவையில்லை. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமே இத்தகைய மருந்துகள் பலவற்றைப் பகுத்துப் பார்த்து நூலாக வெளியிட்டுவிட்டது.

லிங்கன் நகரத்து கிளார்க் 'ரத்த சுத்தி' மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்திலுள்ள அசுத்தம்தான் பருவாகவும் புண்ணாகவும் தோலை உடைத்துக்கொண்டு வருகிறது, அதைச் சுத்தம் செய்யுங்கள் என்றது விளம்பரம். புட்டியில் இருந்த முக்கியச் சரக்கு பொட்டாசியம் அயோடைடு. அதைத் தொடர்ந்து குடிப்பவர்களில் சிலருக்கு மூக்கு ஒழுகும், இமை வீங்கும், வாயில் உலோகச் சுவை தட்டும். பிறகு முகத்திலும் தோளிலும் முதுகிலும் சீழ்ப்பருக்கள் கிளம்பும். மருந்தை நிறுத்தினால் அவை மெல்ல அடங்கிவிடும். ஆனால் விளம்பரத்தை நம்பியவர் எப்படி நிறுத்துவார்? பரு அதிகமானால் அசுத்தம் வெளியேறுகிறது என்றுதான் நினைப்பார், அடுத்த புட்டியை வாங்குவார். மருந்து உண்டாக்கிய நோய்க்கு அதே மருந்தைக் காசு கொடுத்துக் குடித்தவர்கள் அவர்கள். முற்றிய சிபிலிஸ் (மேகநோய்) கட்டிகளை அயோடைடு கரைக்கும் என்பதும் உண்மை. அதனால் குணமானதாகச் சொன்னவர்கள் எல்லோரும் பொய் சொன்னதாகக் கருத வேண்டாம். கட்டி கரைந்தது, நோய் உள்ளேயே இருந்தது.

ஆர்செனிக் இன்னும் மெதுவாகக் கெடுத்தது. 1786-இல் வெளியான ஃபௌலர் கரைசல் என்ற குடிமருந்தில் அது சுமார் ஒரு சதவீதம். தண்ணீர் என்று எண்ணி யாரும் குடித்துவிடாதபடி லாவெண்டர் சேர்ப்பார்கள். காளாஞ்சகப்படைக்கு (சொரியாசிஸ்) மருத்துவர்களே அதைச் சொட்டுக் கணக்கில் கொடுத்தார்கள், செதில் குறையவும் செய்தது. தொடர்ந்து குடித்தவர்களுக்கு உள்ளங்கையிலும் பாதத்திலும் ஆணி போலத் தடித்தது, உடம்பில் கருமையும் வெள்ளைப் புள்ளிகளும் கலந்து படர்ந்தன, பல ஆண்டுகள் கழித்துச் சிலருக்கு அந்தத் தடிப்பிலேயே புற்றுநோய் வந்தது. லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் 1880-களின் இறுதியில் இதை எழுதிவைத்தார். 'தீங்கற்ற' வில்லைகள் அதன்பிறகும் விற்றன.

முகத்தில் பூசும் கௌலண்ட் லோஷன் கசப்பு வாதுமைப் பாலில் வீரம் என்னும் பாதரச உப்பைக் கலந்தது. அது மேல்தோலை வேகவைத்து உரிக்கும். அடியில் தெரியும் இளந்தோலைத்தான் 'பொலிவு' என்றார்கள்.

எல்லாமே நஞ்சு என்று நாங்கள் சொல்லவில்லை. சொறிக்குக் கந்தகக் களிம்பு பலன் தந்தது. பிரேசில் மரத்திலிருந்து எடுத்து கோவா வழியாக வந்த கோவா பௌடர் படர்தாமரைக்குக் கேட்டது. துணியைக் கறையாக்கும், கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது, இருந்தாலும் வேலை செய்தது. ஹாலோவே களிம்பு பெரும்பாலும் கொழுப்பும் மெழுகும் பிசினும்தான். இந்த வேறுபாடுகளை எழுதினால் உங்கள் பக்கம் சுவை குன்றாது, கூடும்.

இது பழங்கதை அல்ல என்பதால்தான் கோபம் வருகிறது. கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிவப்பழகு களிம்பு பூசியவர்களுக்கு வந்த சிறுநீரக நோயைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தி மருத்துவர்கள் எச்சரித்தது 2023-இல். உள்ளடக்கம் அச்சிடாத டப்பா இன்றும் கடையில் கிடைக்கிறது. பாதரசம் நிறமியைத் தடுப்பதால் ஆரம்பத்தில் முகம் வெளுக்கும், அதை நம்பித்தான் மேலும் பூசுகிறார்கள். 'அந்தக் காலத்தில் ராணிகள் பூசியது' என்று நீங்கள் எழுதும் வரி இந்த டப்பாவுக்கும் சேர்த்தே விளம்பரமாகிறது.

ஆகவே, தயவுசெய்து, உள்ளே இருந்ததைப் போடுங்கள். ஆர்செனிக் வில்லையை வெளியிட்ட இதழ் அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சரக்குகளின் பெயர், அளவு, விளைவு ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொடுக்க எங்களில் யாரும் கட்டணம் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
மருந்தியலும் தோல் மருத்துவமும் படித்த உங்கள் வாசகர்கள் சிலர்