பேப்பரை அனுப்பும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை: ஆராய்ச்சி வழிகாட்டிகளுக்கும் மாணவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பேராசிரியர்களுக்கும் அவர்களிடம் பிஎச்.டி. செய்யும் மாணவர்களுக்கும்,

ஒரு பல்கலைக்கழகத்தின் ஐபிஆர் செல்லில் (அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு) உட்கார்ந்து, பேட்டன்ட் கேட்டு நீங்கள் அனுப்பும் கண்டுபிடிப்புப் படிவங்களைப் படிப்பதுதான் என் வேலை. அவற்றில் பெரும்பாலானவை பேப்பரின் சுருக்கத்தை அப்படியே வெட்டி ஒட்டியவை. மருத்துவமனைத் தொற்று எவ்வளவு ஆபத்தானது என்று இரண்டு பக்கம், பிறகு 'புதுமையான நானோ பூச்சு சிறப்பாகச் செயல்படுகிறது' என்று ஒரு வரி, அப்புறம் ஒரு மைக்ரோஸ்கோப் படம், முடிந்தது. இதை வைத்துக்கொண்டு பேட்டன்ட் வக்கீல் என்ன எழுதுவார்?

அந்த ஒரு வரியைத்தான் விரித்து எழுதச் சொல்கிறோம். பருத்தித் துணியில் துத்தநாக ஆக்சைடு பூசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரைசல் எத்தனை சதவீதம், எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் உலர்த்தினீர்கள், எத்தனை முறை துவைத்த பிறகும் கிருமியைத் தடுத்தது, வழக்கமான முறையில் பூசிய துணி எத்தனையாவது துவைப்பில் கைவிட்டது? 80 டிகிரியில் நன்றாக வந்தது என்றால் 60இலும் 100இலும் என்ன ஆயிற்று? துத்தநாகத்துக்குப் பதில் டைட்டானியம் போட்டுப் பார்த்தீர்களா? சொதப்பிய சோதனைகளையும் எழுதுங்கள். பேப்பரில் அவற்றுக்கு இடம் கிடைக்காது, ஆனால் உரிமைக் கோரிக்கையின் (எது எது உங்களுக்கே உரியது என்று பேட்டன்டில் கேட்கும் பகுதி) எல்லையை எங்கே போடுவது என்று எங்களுக்குக் காட்டுவது அவைதான்.

'இதுபோல் இதுவரை யாரும் செய்ததில்லை' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். உங்கள் வேலைக்கு மிக அருகில் வரும் இரண்டு மூன்று பேப்பர்களை (உங்கள் பழைய பேப்பர் உட்பட) நீங்களே சொல்லி, அவற்றிலிருந்து எங்கே விலகுகிறீர்கள் என்று எழுதுங்கள். புண்ணை ஆற்ற மஞ்சள் என்று 1995இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் கிடைத்த அமெரிக்கப் பேட்டன்ட் 1997இல் போனதற்கு, நம் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எடுத்துக் காட்டிய பழைய ஆதாரங்களே காரணம். அவற்றில் 1953இல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையும் உண்டு.

அடுத்தது தேதி. விண்ணப்பிக்கும் முன்பே வெளியான விஷயம் பொதுவாகப் புதுமை என்ற தகுதியை இழந்துவிடும். இதில்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வரும், ஏனென்றால் பேப்பர் வெளிவந்த பிறகுதான் பாதிப் பேருக்கு எங்கள் நினைப்பே வருகிறது. அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹன், ஹெர்பர்ட் போயர் இருவரின் மரபணு ஒட்டு வேலை 1973 நவம்பரில் வெளியாகிவிட்டது. அமெரிக்காவில் ஓராண்டுச் சலுகை இருந்ததால் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1974 நவம்பரில், கெடு முடிய ஒரு வாரம் இருக்கும்போது விண்ணப்பித்துத் தப்பித்தது. அங்கே 25 கோடி டாலருக்கு மேல் வருமானம் வந்தது, வெளிநாட்டு உரிமைகளோ கைநழுவிப் போயின. நம் பேட்டன்ட் சட்டத்தின் 31ஆம் பிரிவு தரும் 12 மாத விலக்கு அவ்வளவு தாராளமானது இல்லை. அரசு அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை என்று சிலவற்றோடு நின்றுவிடும். சாதாரண ஜர்னலில் போட்டுவிட்டு அதை நம்பி உட்கார முடியாது. கான்ஃபரன்ஸ் போஸ்டர், பொது வைவா, ஷோத்கங்கா என்ற ஆய்வேட்டு இணையக் களஞ்சியத்தில் ஏறிய ஆய்வேடு எல்லாமே வெளியீடுதான். நேரமில்லை என்றால் தற்காலிக விண்ணப்பம் போட்டுக்கொள்ளலாம், முழு விவரத்துக்கு 12 மாதம் கிடைக்கும். ஆனால் அதிலும் சரக்கு இருக்க வேண்டும், வெறும் தலைப்புக்குத் தேதி வாங்கி லாபமில்லை.

கண்டுபிடித்தவர் பட்டியலில் துறைத்தலைவர், முதல்வர், ஆய்வகத்துக்குச் சாவி கொடுத்தவர் என்று எல்லாரையும் சேர்க்க வேண்டாம். கோஹன் பேப்பரில் நாலு ஆசிரியர்கள், பேட்டன்டில் இரண்டே பேர். யோசனைக்குப் பங்களித்தவர் யார், சொன்னதைச் செய்தவர் யார் என்று பிரித்து எழுதுங்கள், மனவருத்தம் வந்தால் பழியை எங்கள் மேல் போடுங்கள். என்ஐஆர்எஃப் என்ற கல்வி நிறுவனத் தரவரிசைக் கணக்குக்காக மட்டும் வரும் படிவங்களைப் பற்றி இங்கே பேசவில்லை, அது தனிச் சோகம்.

மூலிகையோ நுண்ணுயிரோ பயன்படுத்தியிருந்தால் எங்கே வாங்கினீர்கள், எங்கே பறித்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள், பேட்டன்டுக்காகத் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்குப் போகும்போது கேட்பார்கள். அடுத்த மாதம் எங்காவது பேசப் போகிறீர்கள் என்றால் அந்தத் தேதியைப் படிவத்தின் முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். மற்ற கட்டங்கள் காலியாக இருந்தாலும் அன்றைக்கே உங்களுக்கு போன் செய்வேன்.