மாஸ்டர் நாற்காலி

அன்புள்ள கலா,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை. சின்னவள் ஃபேஷன் டிசைன் இரண்டாம் வருஷம்.

மாஸ்டர் வீட்டம்மா உன்னை அவருடைய தையல் கடையை எடுத்து நடத்தச் சொன்னார்களாம், நீ "யோசிக்கிறேன்" என்று இழுக்கிறாயாம். பெரியக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. அந்தச் சண்டை நேரில்.

சின்னவள் தயவில் நான் இப்போது பாரிஸ் சமாசாரமெல்லாம் பேசுகிறேன். டியோர் என்கிற பெரிய உடை நிறுவனத்தில் 2025-ல் ஜொனாதன் ஆண்டர்சனைத் தலைமை டிசைனராக உட்கார வைத்தார்கள். வட அயர்லாந்துக்காரர். ஏப்ரலில் ஆண்கள் உடைக்கு மட்டும் என்றார்கள். ஜூனில் பெண்கள் உடை, ஓத் கூத்யூர் என்கிற அளவெடுத்துக் கையால் தைக்கும் உசத்தி உடை எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள்.

அந்த ஜூன் கடைசியில் முதல் ஷோ. முதலில் நடந்து வந்த பையன் போட்டிருந்தது பார் ஜாக்கெட்! 1947-ல் நிறுவனத்தை ஆரம்பித்த கிறிஸ்டியன் டியோர் பெண்களுக்குப் போட்ட வெட்டு. இடுப்பைச் சிக்கெனப் பிடித்து, அதற்குக் கீழே உள்ளே பஞ்சு வைத்துக் குடை மாதிரி விரியுமே, அதுதான். அவர் தைத்தது வெளிர்நிறப் பட்டில். ஆண்டர்சன் சொரசொரவென்ற டோனகல் ட்வீட் கம்பளியில் வெட்டி, கீழே மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அரைக்கால் சட்டையைப் போட்டுவிட்டார். போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இடுப்பைப் பிடிக்கிற டார்ட் தையல் எங்கே என்று தேடினேன். சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். அரைக்கால் சட்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பழைய பாட்டர்னைக் கும்பிட்டுக்கொண்டிராமல் கத்தரியை வைத்தாரே, அது பிடித்தது.

உன் பயம் எனக்குத் தெரியும். "மாஸ்டர் கை மாதிரி வரலியே" என்பார்கள். சொல்லத்தான் செய்வார்கள். 1957 அக்டோபரில் டியோர் திடீரென்று இறந்தபோது அந்த இடத்துக்கு வந்த இவ் சான் லொரானுக்கு வயசு 21. மூன்றே மாதத்தில், அந்தப் பிடித்த இடுப்பையே விட்டுவிட்டுத் தோளிலிருந்து விரிகிற டிரப்பீஸ் கவுனைப் போட்டார். கொண்டாடினார்கள். 1960-ல் கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்டதும் முகம் சுளித்தார்கள். அதே வருஷம் ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். நாற்காலி மார்க் போஹானுக்குப் போயிற்று. அவர் 1989 வரை அசையவில்லை.

ஆனால் கலா, எனக்கு ராத்திரி ஓடுவது வேறு. உள்ளே ஊசி பிடிக்கிறவர்களை அங்கே "சின்னக் கைகள்" என்பார்களாம். ஆண்டர்சனுக்கு முன்னால் பெண்கள் உடையைப் பார்த்துக்கொண்ட மரியா கிராசியா கியூரி 2023-ல் மும்பை கேட்வேயில் ஷோ வைத்தாரே, அதில் எம்பிராய்டரி போட்டது அங்குள்ள சாணக்யா பட்டறைக் கைகள். பேர் என்னவோ நாற்காலிக்குத்தான். நாமும் இருபது வருஷம் சின்னக் கைகள்தானே? மாஸ்டர் கைக்குழியை ஒரு நூல் தள்ளி வெட்டியதை நீ தையலில் இழுத்துச் சரிபண்ணுவாய். "நம்ம கட்டிங் அப்படி" என்று அவர் மீசையைத் தடவுவார். நீ வாயே திறந்ததில்லை. இப்போது கத்தரியே உன் கைக்கு வருகிறது, யோசிக்கிறாளாம் யோசிக்கிறாள்!

போர்டில் மாஸ்டர் பேரே இருக்கட்டும். பாரிஸிலும் டியோர் பேரை யாரும் எடுக்கவில்லை. அந்தக் காஜாக்காரரை மட்டும் முதல் நாளே மாற்று.

அப்புறம் ஒன்று. பழைய அளவு நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதே. ஒன்றில் என் கல்யாண பிளவுஸ் அளவு இருக்கிறது. இடுப்பு 26 என்றால் சின்னவள் நம்பமாட்டேன் என்கிறாள். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

உன்,
வசந்தி