பாதுகாப்பு ரிலே மாற்றும் பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் தொழிற்கூட வளாகத்தின் 11 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில் பழைய ரிலேக்களை (மின்பழுதைக் கண்டறிந்து மின்சாரத்தைத் துண்டிக்க ஆணையிடும் கருவிகளை) எடுத்துவிட்டு, மைக்ரோபிராசசரில் இயங்கும் நியூமரிக்கல் ரிலேக்களைப் பொருத்தும் பணி முடிந்துவிட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் தனியாக வைக்கிறோம். ஓடிக்கொண்டிருந்ததை ஏன் மாற்றினீர்கள் என்று பலரும் கேட்டதால், அதற்கான விடையை இங்கே எழுதுகிறோம்.

பழைய ரிலேயில் மின்னோட்டம் கூடினால் ஓர் அலுமினியத் தகடு சுழன்று தொடுமுனையை மூடும். நெடுங்காலம் நமக்காக உழைத்தவை அவை. ஆனால் சோதனையின்போது ஒன்றில் தூசு அடைந்து தகடு அசையவே இல்லை. அந்த நிலையில் கேபிள் பழுதாகியிருந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான நம் பிரேக்கர் திறந்திருக்காது. பேனல் அருகே நிற்கும் எலக்ட்ரீஷியனை நினைத்தபோது எங்களுக்கு வேறு யோசனை எழவில்லை.

புதிய ரிலேக்கு, மின்னோட்டத்தை அளக்கத்தக்க சிறு அளவாகக் குறைக்கும் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வழியாக 100 ஆம்பியர், 1 ஆம்பியராகக் குறைந்து வருகிறது. ரிலே அதை வடிகட்டி, விட்டுவிட்டு அளந்து எண்களாக மாற்றுகிறது. நம் மின்சாரத்தில் ஒரு சுற்று 20 மில்லிசெகண்ட். சுற்றுக்கு 20 முறை அளந்தால் மில்லிசெகண்டுக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்களிலிருந்து ஃபூரியர் கணக்கின் (கலந்த அலைகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் கணித முறையின்) மூலம் 50 ஹெர்ட்ஸ் அலையின் அளவைப் பிரித்தெடுத்து, நாம் பதிந்த வரம்போடு ஒப்பிடுகிறது. டிரான்ஸ்ஃபார்மரை இயக்கும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். அதில் 100 ஹெர்ட்ஸ் அலை மிகுந்திருப்பதைக் கண்டு, இது பழுதல்ல என்று ரிலே பொறுத்துக்கொள்ளும். தகட்டுக்கு இந்தப் பகுத்தறிவு கிடையாது.

நம் 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழுச் சுமையில் சுமார் 52.5 ஆம்பியர் எடுக்கும். எனவே வரம்பை 60 ஆம்பியராகவும் நேரக் காரணியை (எவ்வளவு தாமதித்து ஆணையிட வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் எண்ணை) 0.1 ஆகவும் வைத்திருக்கிறோம். 120 ஆம்பியர் பாய்ந்தால் ஏறத்தாழ 1 செகண்டிலும், 600 ஆம்பியர் பாய்ந்தால் 0.3 செகண்டிலும் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் டிரிப் ஆணை போகும். மின்வாரியத்தின் ரிலே அதற்குப் பிறகே செயல்படும்படி நேர இடைவெளி விட்டிருக்கிறோம். நம் பழுதுக்காக அக்கம்பக்கம் இருளில் கிடக்கக் கூடாது.

கணினியை நம்பலாமா என்று தயங்கிய மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ராக்கஃபெல்லர், கணினியைக் கொண்டு மின்பழுதிலிருந்து பாதுகாக்கும் முறையை 1969இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அமெரிக்காவில் 1984 முதல் இத்தகைய ரிலேக்கள் விற்பனையில் உள்ளன. தனக்குள் கோளாறு நேர்ந்தால் இந்த ரிலே தானே எச்சரிக்கை விளக்கை ஏற்றும். ஒவ்வொரு டிரிப்பின் நேரத்தையும் அலைவடிவத்தையும் பதிந்துவைக்கும். இனி காரணம் தேடி நாள் முழுக்க ஊகிக்க வேண்டியதில்லை. கடவுச்சொல் பொறியாளரிடமும் செயலாளரிடமும் மட்டும் இருக்கும். எந்த அளவை மாற்றினாலும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. ரிலே ஆணை மட்டுமே இடுகிறது. பிரேக்கரைத் திறக்கவைக்கும் டிரிப் காயிலை (மின்காந்தச் சுருளை) இயக்குவது பேட்டரி. அந்தப் பேட்டரித் தொகுதியை இந்தப் பணியிலேயே சேர்த்திருக்க வேண்டும், சேர்க்கவில்லை. அதை மாற்றுவதற்கான மதிப்பீட்டை அடுத்த கூட்டத்தில் வைத்து உங்கள் ஒப்புதலைக் கேட்கிறோம். அதுவரை வாரம் ஒருமுறை மின்னழுத்தத்தை அளந்து அறிவிப்புப் பலகையில் எழுதுவோம்.

இப்படிக்கு,
பணிக் குழுவினர்