பூட்டிக் கிடக்கும் வளவுக் கிணறுகள்

ஆசிரியருக்கு,

காய்ச்சல் என்று வருபவருக்கு முதலில் டெங்குச் சோதனை எழுதுவது யாழ்ப்பாணத்தில் நியாயமான பழக்கம்தான். ஆனால் "இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய் வந்தீர்களா?" என்ற கேள்வியும் அதோடு சேர வேண்டும்; அது மலேரியாவாகவும் இருக்கலாம். டெங்கில் போலவே மலேரியாவிலும் இரத்தத்தட்டுகளின் (இரத்தம் உறைய உதவும் நுண்துகள்களின்) எண்ணிக்கை இறங்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்து டெங்கு என்று பனடோலோடு அனுப்பினால், பல்சிபாரம் வகை மலேரியா ஒரே நாளில் உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவர் கேட்காவிட்டால் நோயாளியே சொல்ல வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியாக் கிருமி ஈரலில் பல மாதம் உறங்கிக் கிடக்கும். போன வருடப் பயணத்தையும் மறைக்காதீர்கள். ஒரு தடவை இரத்தப் பூச்சில் (கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கும் இரத்தத்தில்) கிருமி தெரியவில்லை என்பதோடு சந்தேகம் தீராது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று தடவையாவது பார்க்க வேண்டும்.

உள்ளூர் மலேரியா 2012 ஒக்டோபரோடு நின்று, 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா ஒழிப்புச் சான்றும் கிடைத்த நாடு இது. ஆனால் 2023இல் உலகில் ஏறத்தாழ 597,000 பேரை மலேரியா கொன்றது. பெரும்பாலோர் ஆபிரிக்கக் குழந்தைகள். 1963இல் இலங்கையில் 17 நோயாளிகளே இருந்தார்கள். கண்காணிப்பு தளர்ந்தது, சில வருடங்களில் இலட்சக்கணக்கில் நோய் திரும்பி வந்தது.

இப்போது நுளம்பும் வேறு. முன்பு மலேரியாவைப் பரப்பிய நுளம்பு ஆற்றுப் படுக்கைக் குழிகளில் பெருகியது. 2016 இறுதியில் மன்னாரில் பிடிபட்ட, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்புக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். பின்னர் அது யாழ்ப்பாணக் கிணறுகளிலும் காணப்பட்டது.

உங்கள் கிணற்றை நீங்களே பார்க்கலாம். வாளியைச் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள்; நிழலோ அசைவோ பட்டால் குடம்பிகள் கீழே போய்விடும். அள்ளிய தண்ணீரை வெள்ளைப் பாத்திரத்தில் ஊற்றிச் சில நிமிடம் பொறுங்கள். தலைகீழாகத் தொங்கினால் வேறு நுளம்பு. நீர்மட்டத்தோடு கிடையாக, சிறு தும்புபோல் ஒட்டிக் கிடந்தால் அனோபிலிஸ். உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். வலை போட்ட கிணறுகளிலும் மோட்டர்க் குழாய் இறங்கும் இடத்தில் ஒரு கை அகல இடைவெளி இருக்கும். நுளம்புக்கு அதுவே வாசல். குடம்பிகளைத் தின்னும் கப்பி என்ற சிறு மீனை விட்ட கிணற்றில் குளோரின் போட்டால் மீன் செத்துப்போகும். குளோரின் மணம் முற்றாகப் போனபின் புதிதாக விட வேண்டும்.

எல்லாவற்றிலும் சிக்கல், உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, அள்ளுவாரற்றுக் கிடக்கும் கிணறுகள். படலைத் திறப்பை அயலவரிடம் கொடுத்து வைத்தால் பரிசோதகர் உள்ளே போய் மீன் விடலாம்.

இப்படிக்கு,
சுகாதாரத்துறை வாசகர்,
யாழ்ப்பாணம்.